சுவரில் இருந்த நீலம்

"ஒரு அறையைப் படமெடுக்கிறது என்ன பெரிய வேலையா?" என்று என்னிடம் கேட்டவர்கள் இந்த மன்னார்த் தீவில் நிறையப்பேர். அவர்களில் ஒருவரையாவது எங்கள் ஊர்த் தங்குமிடம் ஒன்றின் குளியலறைக்குள் விட்டு, கையில் கமராவைக் கொடுத்து, கதவைச் சாத்த வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நாலடிக்கு ஐந்தடி இடம். கொமட் மூடியின் மேல் ஏறி நின்று, முதுகைச் சுவரோடு ஒட்டி, மூச்சையும் உள்ளே இழுத்துக்கொண்டால்தான் கை கழுவும் தொட்டியும் ஷவரும் ஒரே படத்துக்குள் வரும். எல்லாம் சரி என்று எடுத்து முடித்துப் பார்த்தால், கண்ணாடியில் என் பாதி முகம் பேய் மாதிரி நிற்கும். பிறகென்ன, மறுபடியும் முதலிலிருந்துதான்.

போன தவக்காலத்தோடு வேலையை விட்டுவிட்டேன். முழங்கால் விடச் சொன்னது, விட்டேன். இப்போது வீட்டுக்காரர்களே போனில் எடுத்து இணையத்தில் போட்டுவிடுகிறார்கள். போன் தானாகவே எல்லா வெளிச்சத்தையும் சமப்படுத்திக் கொடுக்கிறதாம். நல்லாயிருக்கட்டும், எனக்கு அதில் வயிற்றெரிச்சல் ஒன்றுமில்லை. ஆனால் ஸ்ரூடியோவில் இப்போது வேலை செய்கிறவர்கள் என் மேசையை ஒதுக்கும்போது, இலாச்சிக்குள் பேப்பர் சுற்றிக் கிடந்த சின்னப் பீங்கான் ஒன்றை, தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே வைக்கிற பீங்கான், எடுத்து, "அக்கா, இதை எறியட்டோ?" என்று கேட்டார்கள்.

"எறிஞ்சியள் எண்டால் கையை முறிச்சுப் போடுவன்" என்றேன். அதற்குப் பிறகு ஏன் என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. பாதி சொன்னேன். மீதியை வாயால் சொல்ல வரவில்லை, எழுதுகிறேன்.

நான் கீரிக் கிராமத்தைச் சேர்ந்தவள். என் மனிசன் அன்ரன் கல்யாணம் முடித்து ஒன்றரை வருடத்தில் பிரான்சுக்குப் போனார். சண்டைக் காலம், போகாமல் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று யாருக்குத் தெரியும். போன கையோடு என்னைக் கூப்பிடுவதாகத்தான் பேச்சு. அதுவரை வீட்டில் சும்மா இருந்து முகட்டைப் பார்க்க வேண்டாம் என்று மன்னார் ரவுணில் சூசை மாஸ்டரின் ஸ்ரூடியோவுக்கு வேலைக்குப் போனேன். அடையாள அட்டைப் படம், கோயிலில் பிள்ளைகள் முதல் நன்மை வாங்குகிற படம், கல்யாண வீடு. ஒரு வருடத்தில் கழுவவும், அச்சடிக்கவும், பிறகு எடுக்கவும் பழகினேன். பழகிய கதை வேண்டாம், எல்லாருக்கும் ஒரே கதைதான்: கெடுத்த பிலிம் எத்தனை, வாங்கிய ஏச்சு எத்தனை.

அந்த நாட்களில் அன்ரன் ஒரு கடிதத்தில் கேட்டிருந்தார்: "எங்கட அறையை ஒரு படம் எடுத்து அனுப்பு. இஞ்ச படுக்கேக்க அது ஞாபகத்துக்கு வரமாட்டன் எண்டுது."

நான் ஸ்ரூடியோக்காரி அல்லவா! சும்மா எடுப்பேனா? கொடியில் கிடந்த, அவர் இடுப்பில் கட்டுகிற சாரத்தை எடுத்து மடித்துப் பெட்டிக்குள் வைத்தேன். மூலையில் இருந்த வலைக் குவியலை வெளியே தூக்கிப்போட்டேன். அரிக்கன் லாம்பை மறைத்தேன். பக்கத்து வீட்டில் புது விரிப்பு இரவல் வாங்கிக் கட்டிலில் விரித்து, பிளாஸ்டிக் பூ வைத்து, ஸ்ரூடியோ ஃபிளாஷை அடித்து எடுத்தேன். மூலைமுடுக்கெல்லாம் பளிச்சென்று விழுந்தது. மாஸ்டர் அதைக் கழுவிப் பார்த்துவிட்டு, "ஆற்ற வீடு பிள்ளை இது?" என்று கேட்டார். என் வீடுதான் என்றேன். "ஓ" என்றார். அவ்வளவுதான். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அன்ரனின் பதில் இரண்டு மாதம் கழித்து வந்தது. "படம் வடிவா இருக்கு. ஆனா எங்கட அறை மாதிரி இல்லையே, ஸ்டெல்லா" என்று ஒரு வரி. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "பின்னை நான் வேற ஆற்றையும் அறையைத் தேடிப் போய் எடுத்தனானோ?" என்று எழுதிப் போட்டேன். இன்னொரு படம் எடுத்து அனுப்பவில்லை. அவரும் பிறகு கேட்கவில்லை. கடிதங்கள் ஐந்தாறு வருடம் வந்தன, பிறகு நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும் வந்தன, பிறகு அதுவும் நின்றது. அங்கே வேறு குடும்பம் என்று ஒருவர் சொன்னார். விபத்தில் போய்விட்டார் என்று இன்னொருவர் சொன்னார். இரண்டையும் நான் நம்பவில்லை. நம்பாமலும் இல்லை.

சண்டை முடிந்து, தலைமன்னாருக்கு மறுபடி ரயில் ஓடத் தொடங்கிய பிறகுதான் எங்களுக்கு அறைகளின் காலம் வந்தது. பூநாரை பார்க்க வருகிறவர்கள், காற்றில் பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வருகிறவர்கள், மடு மாதா கோயிலுக்கு வந்து போகிறவர்கள் என்று வெளியாட்கள் வரத் தொடங்கினார்கள். ஒரு அறை மிச்சமிருந்த வீடெல்லாம் தங்குமிடமானது. இணையத்தில் போடப் படம் வேண்டும். மாஸ்டருக்கு ஓர்டர் குவிந்தது. படமெடுக்கப் போன எங்கள் ஸ்ரூடியோப் பெடியங்கள் போனவேகத்தில் திரும்பியும் வந்தார்கள். வீட்டுக்காரிகள் வாசல் படலையோடு திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

இதில் பிழை யாரிலும் இல்லை. பாதி வீடுகளில் மனிசன்மார் கட்டாரிலும் சவூதியிலும். படமெடுக்க வேண்டியதோ படுக்கையறை. மனிசன் இல்லாத வீட்டின் படுக்கையறைக்குள் அந்நிய ஆம்பிளை ஒருவன் ஒரு மணித்தியாலம் கதவைச் சாத்திக்கொண்டு நிற்பதா? முஸ்லிம் ஊரான தாராபுரத்திலும் நடக்காது, எங்கள் கீரியிலும் நடக்காது. மாஸ்டர் ஒரு நாள் கமராப் பையை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார்.

"நீ போ பிள்ளை."

"எனக்கு அறை எடுக்கத் தெரியாது மாஸ்டர்."

"ஓம், தெரியும் தெரியாதெண்டு. நான் உன்ர பழைய படம் பார்த்தனான்."

மனிதர் அந்தப் படத்தை அவ்வளவு வருடமாக மறக்கவில்லை.

தெரிந்தவர்கள் வீடு மூன்றுக்கு அவரே என்னைக் கூட்டிக்கொண்டு போனார். சூசை மாஸ்டர் அறைக்குள் நுழைந்ததும் செய்கிற முதல் வேலை ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்காருவது. பத்து நிமிடம். பையைத் திறக்கமாட்டார். வீட்டுக்காரி வந்து, "ஏதும் வேணுமோ?" என்பாள். "ஒண்டும் வேண்டாம் மோள், நான் இருக்கிறன்" என்பார். அவள் என்னைப் பார்ப்பாள், நான் நிலத்தைப் பார்ப்பேன். இந்தக் கிழவருக்கு மண்டை பிசகிவிட்டது என்று அவள் நினைப்பது என் காதுக்கே கேட்கும்.

அதற்குப் பிறகு எழும்பி எல்லா லைட்டையும் நிற்பாட்டச் சொல்வார். யன்னலை மட்டும் திறந்து, "இது என்ன நிறம்?" என்று கேட்பார். யன்னலைச் சாத்தி ரியூப் லைட்டைப் போட்டு, "இது?" என்பார். அதை நிற்பாட்டிக் குண்டு பல்பைப் போட்டு, "இது?" என்பார். யன்னல் வெளிச்சம் நீலம், ரியூப் பச்சை, பல்ப் மஞ்சள். மனிதக் கண்ணுக்கு மூன்றும் வெள்ளை மாதிரித்தான் தெரியும், அது எல்லாவற்றையும் அனுசரித்துப் போய்விடும். கமராவுக்கு அந்தத் தாட்சணியம் கிடையாது. மூன்றையும் ஒன்றாகப் போட்டு எடுத்தால் கட்டிலின் ஒரு பக்கம் நோயாளி மாதிரியும் மறுபக்கம் மஞ்சள் பூசிய மாதிரியும் வரும். ஆகவே ஒன்றைத் தெரிந்தெடுத்து மற்ற இரண்டையும் கொல்ல வேண்டும். சின்ன அறை என்றால் இன்னும் கரைச்சல். சுவர்கள் கிட்ட இருப்பதால் ஒரு சுவரின் நிறம் மற்றச் சுவரில் ஏறும்.

கடைசியாகத்தான் பையிலிருந்து பேப்பர் சுற்றிய பீங்கான் வெளியே வரும். பூவோ கரையோ இல்லாத வெறும் வெள்ளை. அதைக் கட்டிலின் நடுவில் வைத்து, கமராவை அதற்கு நேரே பிடித்து, இதுதான் வெள்ளை என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். அதை வைத்துத்தான் கமரா மிச்ச நிறமெல்லாவற்றையும் கணக்குப் பண்ணும். விரிப்பும் வெள்ளைதானே, சுவரும் வெள்ளைதானே, இந்தப் பீங்கான் எதற்கு என்று ஒருமுறை கேட்டேன்.

"வீட்டுக்காரரின்ர வெள்ளையை நம்பாத பிள்ளை. அது அவையளுக்குத்தான் வெள்ளை" என்றார்.

கேட்டேன், தலையாட்டினேன். ஆனால் பட்டால்தானே தெரியும்.

தாராபுரத்து நஸீமா ஸ்ரூடியோவுக்கு வந்தது அதற்கு நாலைந்து வருடம் கழித்து. மாஸ்டர் அப்போது காலமாகிவிட்டார், ஸ்ரூடியோவை அவருடைய மருமகன் பார்த்தான், அறை வேலையெல்லாம் என் தலையில். நஸீமாவுக்கு முப்பத்தெட்டு வயதிருக்கும். கறுப்பு அபாயா, கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு, அதற்குள் தங்குமிடம் நடத்துவதற்கான அனுமதிக் கடிதம் எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருந்தாள். புருசன் றிஸ்வான் கட்டாரில் சாரதி. பதினாலு வருடம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாதம் வந்து போவான்.

"அக்கா, என்ட வீட்டில நல்ல அறை ஒண்டுதான் இருக்கு, பாத்ரூமும் சேர்ந்தது. அது எங்கட அறை" என்றாள். "அதை வாடகைக்கு விட்டிட்டு நானும் பிள்ளைகளும் உம்மாட பக்கம் படுப்பம். அது ஓடிச்செண்டால் அவர் அங்க இருக்கத் தேவையில்லை. இந்த மாசம் முடியிறதுக்குள்ள அவர் அடுத்த ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போடோணும். போடவிடாம நான் அவரை இழுக்கோணும்."

"அவர் என்ன சொல்றார்?"

"ஊர் பேர் தெரியாதவன் வந்து எங்கட அறையில படுக்கிறதோ எண்டு கேக்கிறார். படத்தைப் பார்த்தாரெண்டால் மனம் மாறும். நல்லா எடுத்துத் தாங்கோ."

அடுத்த நாளே வருவதாகச் சொன்னேன். இங்கேதான் என் புத்தி கெட்டது. அன்று பின்னேரம் எங்கள் தேவாலயத்துப் பங்குச் சுவாமி இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஸ்ரூடியோவுக்கு வந்தார். தேத்தண்ணி கொடுக்கப் பீங்கான் ஒன்று குறைந்தது. சுவாமிக்கு வெறும் கோப்பையை நீட்டுவதா என்று, மாஸ்டரின் பீங்கானை எடுத்துக் கழுவி அதில் வைத்துக் கொடுத்தேன். அவர் தேத்தண்ணியை அதிலேயே ஊற்றி ஊதி ஊதிக் குடித்தார். பீங்கான் கழுவி வைத்த குசினித் தட்டிலேயே தங்கிவிட்டது. மறுநாள் தாராபுரத்தில் பையைத் திறந்தால் பேப்பர் மட்டும் இருக்கிறது.

பத்தடிக்குப் பத்தடி அறை. கிழக்கே ஒரு யன்னல். முகட்டில் வெளிச்சத்துக்காகப் போட்ட பச்சைப் பிளாஸ்டிக் தகடு ஒன்று. ரியூப் லைட். கட்டிலருகே றிஸ்வான் கட்டாரிலிருந்து கொண்டுவந்த ரோசாப்பூ நிற மேசை விளக்கு. ஒரு அறைக்குள் நாலு வெளிச்சம், நாலும் நாலு நிறம். நான் கதிரையில் உட்கார்ந்து பார்த்தேன். ரியூப்பையும் விளக்கையும் நிற்பாட்டினேன். பச்சைத் தகட்டுக்குக் கீழே கறுப்புத் துணி கட்டுவித்தேன். யன்னலை மட்டும் வைத்துக்கொண்டேன். விரிப்பு சந்தன நிறம், அதில் வெள்ளை பார்க்க ஏலாது. நஸீமாவிடம் ஒரு பீங்கான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எதிரே சுவர் இருந்தது, சுண்ணாம்பு அடித்த சுவர், பால் மாதிரி. கமராவை அதற்கு நேரே பிடித்து, இதுதான் வெள்ளை என்று சொல்லிவிட்டேன்.

படம் அவ்வளவு வடிவாக வந்தது. சுவர் பஞ்சு மாதிரி, விரிப்பு வெண்ணெய் மாதிரி, ஹோட்டல் என்றால் ஹோட்டல். நஸீமா கமராவின் பின்னால் பார்த்து, "அல்லாவே, இது எங்கட அறையா?" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்தது. அந்த மாதிரிக் கேள்வியை மாஸ்டர் என்னிடம் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருந்தார் என்பது அப்போது உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் போன் வந்தது. நஸீமா அழுதுகொண்டிருந்தாள்.

"அக்கா, அவர் கதைக்கிறாரில்லை. படத்தை அனுப்பின அண்டைக்கு ஒரே ஒரு குரல் பதிவு அனுப்பினவர். 'சுவருக்கு ஆரு வெள்ளை அடிச்சது?' எண்டு. ஒருத்தரும் அடிக்கல்ல எண்டு சத்தியம் பண்ணிட்டன். 'படம் பொய் சொல்லுமா?' எண்டு கேக்கிறார். அதுக்குப் பிறகு போனை எடுக்கிறாரில்லை."

"சுவருக்குப் போய் இவ்வளவு கோபமோ?"

"அவர் கேக்கிறது சுவரைப் பத்தி இல்ல, அக்கா" என்றாள். "அந்தச் சுவருக்கு அவர்தான் அடிக்கிறவர். ஒவ்வொரு முறை வரேக்கையும் ஒரு நாள் முழுக்க நிண்டு, சுண்ணாம்பில நீலம் கரைச்சு, தன்ட கையால. எனக்கு நீலம் விருப்பம் எண்டு ரெண்டு பாக்கெட் கூடப் போடுவார். இப்ப அது வெள்ளையா இருக்கெண்டால், ஆரோ ஒரு ஆம்பிளை வந்து நிண்டு அடிச்சிருக்கோணும், இல்லாட்டி நான் மாத்தச் சொல்லியிருக்கோணும். ரெண்டில எது நல்லம் சொல்லுங்கோ. நாளைக்குக் கந்தோரில கையெழுத்துப் போடப் போறாராம், அவர்ட மூத்தவர், நானா, சொன்னவர்."

நீலம்! எங்கள் ஊரில் சுண்ணாம்புக்கு நீலம் போடாத வீடு எது? வேட்டிக்குப் போடுகிற அதே பாக்கெட் நீலம். என் வீட்டுச் சுவருக்கும் அதுதான். பிறந்த நாள் முதல் அந்த நீலத்தைப் பார்த்து அதைத்தான் வெள்ளை என்று பழகிய கண் என்னுடையது. வெளியூர்க்காரன் ஒருவன் எடுத்திருந்தால் ஒரு பார்வையில் பிடித்திருப்பான். நான் நீலத்தை வெள்ளை என்று கமராவுக்குச் சொல்லிக் கொடுத்தேன், அது சொன்னதைக் கேட்டு அறையிலிருந்த நீலம் முழுவதையும் துடைத்து எடுத்துவிட்டது. ஒரு மனிதன் பதினாலு வருடம் அடித்த நீலத்தை நான் ஒரு சொடுக்கில் அழித்துவிட்டேன். மாஸ்டர் இருந்திருந்தால் ஏசியிருக்கமாட்டார், "ஓ" என்றுதான் சொல்லியிருப்பார். அதை நினைக்கத்தான் கூடுதலாகச் சுட்டது.

குசினித் தட்டிலிருந்து பீங்கானைப் பறித்துக்கொண்டு ஓட்டோ பிடித்துத் தாராபுரம் போனேன். சுவருக்குப் பக்கத்தில் பீங்கானைப் பிடித்தேன். பீங்கான் வெள்ளை. சுவர், அப்பன் ஆணை, நல்ல நீலம். ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்த வெளிச்சத்திலேயே சுவரையும் பீங்கானையும் ஒன்றாக எடுத்தேன்.

"உன்ர போனிலயிருந்து எடுத்தால் அவர் எடுக்கமாட்டார். நம்பரைத் தா" என்று என் போனிலிருந்து அழைத்தேன். மஃரிப் தொழுகைக்கு இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. அங்கே பின்னேரம் தொடங்கியிருக்கும். மூன்றாவது மணியில் எடுத்தான்.

"ஆரு?"

"நான் மன்னார் ஸ்ரூடியோ ஸ்டெல்லா. உங்கட அறையைப் படம் எடுத்தனான்."

 வண்டியின் ஏசிச் சத்தம் மட்டும் கேட்டது.

"தம்பி, உங்கட சுவருக்கு ஒருத்தரும் வெள்ளை அடிக்கேல்லை. நான்தான் அடிச்சனான், கமராவால. வெள்ளை எது எண்டு அதுக்கு நான் பிழையாச் சொல்லிக் குடுத்திட்டன். பிழை முழுக்க என்ர. அந்தப் பிள்ளையில ஒரு தூசும் இல்லை."

"அப்பிடியும் நடக்குமா அக்கா?" என்றான். குரல் நம்பவில்லை.

"இப்ப ஒரு படம் அனுப்பிறன், பாருங்கோ."

அனுப்பினேன். பார்த்தான். பிறகும் சந்தேகம் போகவில்லை. போகாது. ஒரு படத்தில் பொய் சொன்னவள் அடுத்த படத்தில் உண்மை சொல்வாள் என்று எவன் நம்புவான்? "அலுமாரியைக் கொஞ்சம் தள்ளிப் பாருங்கோ" என்றான். "பின்னால என்ன இருக்கெண்டு சொல்லுங்கோ."

நானும் நஸீமாவும் மூச்சுப் பிடித்து அந்தக் கனத்த அலுமாரியை ஒரு பக்கமாகத் தள்ளினோம். அதற்குப் பின்னால், சுவரில் முழங்கால் உயரத்தில், கரையாத நீலம் கட்டியாக விழுந்து வழிந்து ஒரு பெரிய திட்டு. மைப் போத்தல் கவிழ்ந்த மாதிரி.

"பெரிய நீலத் திட்டு ஒண்டு தம்பி. வழிஞ்சு நிலம் வரைக்கும் வந்திருக்கு."

போனில் ஒரு நீண்ட மூச்சு கேட்டது. "போன முறை வரேக்க வாளி தட்டுப்பட்டுச் சிந்தினது. அவ பார்த்தால் கத்துவா எண்டு அலுமாரியை அதுக்கு முன்னால இழுத்து வச்சனான்" என்றான்.

நஸீமாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டது. என் கையிலிருந்து போனைப் பறித்து, "அதுக்குத்தானா அலுமாரியை இந்தப் பக்கம் தள்ளினீங்க? காத்து வரட்டும் எண்டு சொன்னீங்களே, பொய்க்கார மனிசா! ரெண்டு வருசமா நான் யன்னல் கதவை முழுசாத் திறக்க ஏலாம முட்டிக்கொண்டு திரியிறன்!" என்று கத்தினாள். அந்தப் பக்கமும் சிரிப்புச் சத்தம் கேட்டது.  நான் கதவுக்கு வெளியே போய் நின்றேன்.

கொஞ்சத்தால் நஸீமா கூப்பிட்டாள். அவன் என்னோடு பேச வேண்டுமாம்.

"அக்கா, எனக்கு ஒரு படம் எடுத்துத் தருவீங்களா? ஒரு லைட்டையும் நிற்பாட்டாதேங்கோ. எல்லாத்தையும் போடுங்கோ. ஒண்டையும் ஒதுக்கவும் வேண்டாம், கிடக்கிறபடி கிடக்கட்டும். மஃரிப் நேரத்தில அந்த அறை ஒரு மாதிரி இருக்கும். இஞ்ச படுக்கேக்க அந்த மாதிரித்தான் எனக்கு வேணும், ஆனா இப்ப வரமாட்டன் எண்டுது."

வரமாட்டன் எண்டுது. அன்ரன் கடிதத்தில் எழுதிய சொல். அதே சொல், அதே மாதிரி ஒரு தூரத்திலிருந்து. அன்றைக்கு அந்தச் சொல் வந்தபோது நான் இரவல் விரிப்பும் பிளாஸ்டிக் பூவும் தேடி ஓடினேன்.

என் தொழில் அறிவு முழுவதும் வேண்டாம் என்று சொன்னதைச் செய்தேன். ரியூப்பைப் போட்டேன். ரோசாப்பூ விளக்கைப் போட்டேன். முகட்டுத் துணியை அவிழ்த்தேன். யன்னலுக்கு வெளியே வானம் மங்கிக்கொண்டு வந்தது. நஸீமாவின் தொழுகைத் துணி கதிரையில் அரைவாசி மடித்தபடி கிடந்தது, பிள்ளையின் பள்ளிக்கூடப் பை கட்டிலடியில் வாய் திறந்து கிடந்தது. ஒன்றையும் தொடவில்லை. தள்ளிய அலுமாரியைக்கூடத் திருப்பி வைக்கவில்லை. பள்ளிவாசலில் பாங்கு சொல்லத் தொடங்கும்போது எடுத்தேன். சுவர் ஒரு மூலையில் பச்சை, ஒரு மூலையில் ரோசா, யன்னலடியில் நல்ல நீலம், கீழே அந்தத் திட்டு. எந்த விதிப்படி பார்த்தாலும் கெட்ட படம். படத்தைப் பார்த்துக்கொண்டே நஸீமா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்று அவன் பதில் ஒன்றும் அனுப்பவில்லை. அடுத்த நாள் மத்தியானம் நஸீமா எடுத்தாள். கந்தோருக்குப் போனானாம், கையெழுத்துப் போடவில்லையாம், கணக்கு முடித்து வருகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டானாம். "அறையை வாடகைக்கு விடு, ஆனா அந்தக் கடைசிப் படம் என்ட. அதை ஒருத்தருக்கும் காட்டாத" என்றும் சொன்னானாம். இணையத்தில் போடுவதற்குப் பீங்கானில் வெள்ளை பார்த்து, சுவர் நீலம் நீலமாகவே தெரிகிற படம் ஒன்று எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பஞ்சு வெள்ளைப் படத்தை என் கையாலேயே அழித்தேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு றிஸ்வான் வந்தான். திரும்பிப் போகவில்லை. தங்குமிடம் ஓடுகிறது. பெருநாளுக்குப் பெருநாள் எனக்குச் சோறும் வட்டிலப்பமும் வரும், கொண்டுவருகிறவன் அவன்தான். அந்தத் திட்டின் மேல் இன்னும் சுண்ணாம்பு அடிக்கவில்லை என்று ஒவ்வொரு முறையும் சொல்லிச் சிரிப்பான்.

அதற்குப் பிறகு எத்தனையோ அறைகள் எடுத்தேன். பீங்கானை ஒருநாளும் மறக்கவில்லை. பிழை விடவும் இல்லை. ஆனால் வேலை முடிந்து கீரிக்கு வந்து என் படலையைத் திறக்கும்போதெல்லாம் ஒன்று மட்டும் கேட்கும்: நஸீமாவுக்காக ஓட்டோ பிடித்து ஓடினாயே, உனக்காக ஏன் ஓடவில்லை? அந்த ஒரு வரிக் கடிதம் வந்த அன்று கோபத்தை வைத்துவிட்டு, லாம்பைக் கொளுத்தி, சாரத்தைத் திரும்பக் கொடியில் போட்டு, இன்னொரு படம் எடுத்து அனுப்பியிருந்தால் அன்ரன் வந்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. வராமலும் இருந்திருக்கலாம். ஆனால் அவர் கேட்டது ஒரு படம்தான். கையில் கமராவை வைத்துக்கொண்டு நான் அதைக் கொடுக்கவில்லை.

வேலையை விட்ட பிறகு ஒரு பின்னேரம் அந்தப் படத்தை எடுத்தேன். இடையில் சண்டைக்குப் பயந்து இரண்டு முறை இந்த வீட்டை விட்டு ஓடி, இரண்டு முறை திரும்பி வந்து, கூரையும் மாற்றியாகிவிட்டது. அறை அதே அறைதான், சுவரும் அதே நீலம்தான். யன்னலைத் திறந்தேன். ரியூப்பையும் போட்டேன், அவர் இல்லாத காலமும் இந்த அறைக்குள்தானே போனது. தட்டில் கிடந்த அரிக்கன் லாம்பைத் துடைத்து, எண்ணெய் விட்டுக் கொளுத்தினேன். கொடியில் என்னுடைய இரண்டு சேலை கிடந்தது. அவருடைய சாரத்தைப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்து, மடிப்பைக்கூட உதறாமல் அவற்றுக்குப் பக்கத்தில் போட்டேன். பிறகு கதிரையை இழுத்துப்போட்டுப் பத்து நிமிடம் இருந்தேன். பீங்கானை வெளியே எடுக்கவில்லை.

படம் நல்லாக வரவில்லை. அறை மாதிரி வந்தது.

அச்சடித்து உறைக்குள் வைத்தேன். பிரான்சு விலாசம் எனக்கு இன்னும் மனப்பாடம், அந்தக் கட்டிடம் இப்போது இருக்கிறதோ இல்லையோ. தபாற்கந்தோரில் இருந்த பிள்ளை, அனுப்புகிறவர் விலாசமும் எழுத வேண்டும், ஆளில்லை என்றால் திரும்பி வரும் என்றாள். எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்தால் வரட்டும். இந்த அறைக்குத்தானே வரும்.